மதிலுக்கு வந்த புதுப் பறவை



இத்திங்கள் ஒரு பிழைதிருத்தத்தோடு தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். சென்ற மார்கழி இதழில், இதே பக்கத்தில், எங்கள் வீட்டு மதிலுக்குச் சைபீரியாவிலிருந்து ஒரு பறவை வந்து, என் தாயார் வைக்கும் சோற்றை உண்டு செல்கிறது என்று பெருமையோடு எழுதியிருந்தேன். அதனைப் படித்த நேயர் மூவர் எனக்கு எழுதினர். ஒருவர் அப்பறவையின் பெயரை வினவினார். மற்றொருவர் தம் பிள்ளைகளை ஒரு ஞாயிறன்று அழைத்து வரலாமா என்று கேட்டார். மூன்றாமவர் எழுதியது ஒரே வரி: “சைபீரியாப் பறவை சோறு தின்னுமோ?”

அந்த ஒரு வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. விசாரித்தேன். நான் எழுதியது தவறு என்று அறிந்தேன். எவ்வாறு தவறினேன், யாரால் தெளிந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேயர்களுக்கு நான் செய்யத்தக்க கைம்மாறாகும்.

எங்கள் குடியிருப்பு சாந்த்ராகாச்சி நிலையத்துக்கு அண்மையில் உள்ளது. கீழ்த்தளத்து வீடு, பின்புறத்தில் நான்கு கத்தரிச் செடியும் ஒரு முருங்கையும் நிற்கும் அளவுக்கு ஒரு சிறு தோட்டம், அதன் எல்லையில் மார்பளவு உயரமுள்ள செங்கல் மதில். மதிலுக்கு அப்பால் ஒரு வங்காளக் குடும்பத்தார் வசிக்கின்றனர்.

என் தந்தையார் காலமான பிறகு, இரண்டாண்டுகளுக்கு முன்னர், தாயாரைக் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து இங்கே அழைத்து வந்தேன். ஊரில் இருந்தபோது காக்கைக்கு வைக்காமல் அவர் ஒரு நாளும் உண்டதில்லை. இங்கும் அவ்வழக்கத்தை விடவில்லை. சோறு வடித்ததும் முதற் கவளத்தை மதிலின்மேல் வைத்து, “கா, கா” என்று அழைப்பார். பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீரும் வைப்பார். காக்கை வரும், சிட்டுக்குருவி வரும், மஞ்சள் மூக்குடைய நாட்டு மைனா வரும், ஏழெட்டாகக் கூடிக் கூச்சலிடும் தவிட்டுக்குருவிகளும் வரும்.

ஒருநாள் அம்மா, “இந்த ஊரில் எனக்குப் பழகின முகம் இதுகள்தாம்” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வங்காளி அவருக்குத் தெரியாது, இந்தியும் தெரியாது. நான் அலுவலகத்துக்கும், என் மகள் பள்ளிக்கும் சென்றுவிட்டால், என் மனைவியைத் தவிர அவர் பேசுவதற்கு ஆள் இல்லை. கார்த்திகை மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு, “தம்பி, பொங்கலுக்கு என்னை ஊருக்கு அனுப்பிவிடு. இனி அங்கேயே இருந்துகொள்கிறேன்” என்றார். அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. பாஸ் எடுத்து வைத்தேன்.

அந்தக் கார்த்திகை முடிவதற்குள்தான் புதுப் பறவை வந்தது. “அப்பாயி, புதுக் குருவி!” என்று என் மகள் கூவினாள். நான் பல் துலக்கியவாறே எட்டிப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று. முகத்தருகில் ஒரு செந்நிறம். உள்ளூர் வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில், “சைபீரியாவிலிருந்து வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அன்று மாலை அதையே இன்னும் சற்று அலங்கரித்து இப்பத்திரிகைக்கு எழுதியும் அனுப்பிவிட்டேன்.

சைபீரியா என்ற பெயர் ஏன் என் நாவில் வந்தது என்பதைச் சாந்த்ராகாச்சி அறியாத நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய நீர்நிலை இருக்கிறது. ஜீல் என்று இங்குள்ளோர் அழைப்பர்; நம் மொழியில் ஏரி எனலாம். பரப்பு ஏறத்தாழ முப்பது ஏக்கர். தென்கிழக்கு ரயில்வேக்கு உரியது. குளிர்காலத்தில், சிறப்பாக டிசம்பர், ஜனவரி மாதங்களில், ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இதில் வந்து தங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கரைநெடுகக் கூட்டம். தேநீர் விற்பவர் முதல் பெட்டிக்கடைக்காரர் வரை எல்லாரும் சொல்வது, “சைபீரியாப் பறவை வந்துவிட்டது” என்பதே. ஆகவே குளிர்காலத்தில் கண்ணில் படும் அறியாத பறவை எதுவாயினும் சைபீரியாவில் சேர்த்துவிடுவது எங்களூர் வழக்கம். நானும் அவ்வழக்கத்துக்கு ஆளானேன்.

மூன்றாம் கடிதம் வந்த வாரத்து ஞாயிறன்று விடியற்காலையில் ஜீலுக்குச் சென்றேன். பனி இன்னும் விலகவில்லை. நீரின்மேல் திட்டுத் திட்டாக ஆகாயத்தாமரை. அத்திட்டுகளில் கபில நிறமான சிறு வாத்துக்கள் நெருங்கி அமர்ந்திருந்தன. கரையில் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக நின்ற கல்லூரி மாணவர் ஒருவரை அணுகி, என் பறவையைப் பற்றிக் கேட்டேன். அவர் உடனே பெயர் கூறவில்லை. என்னையே நான்கு கேள்விகள் கேட்டார்.

நீங்கள் நன்கறிந்த ஒரு பறவையோடு ஒப்பிட்டால் அதன் உருவம் எவ்வளவு? அலகின் நிறமும் வடிவும் யாவை? தரையில் நடக்கிறதா, தத்துகிறதா? தனியே வருகிறதா, கூட்டமாகவா, யாரோடு சேர்கிறது?

நான்கில் ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு மனிதனைப் பணியில் சேர்க்கும்போது, பணிப்பதிவேட்டில் இரண்டு அங்க அடையாளங்கள் எழுதாமல் விடுவதில்லை. இடக்கன்னத்தில் மச்சம், வலக்காலில் தழும்பு என்று எத்தனையோ எழுதிய கை இது. அந்தக் கை, ஒரு பறவைக்கு அடையாளம் ஒன்றுகூட எழுதாமல் நேரே ஊர்ப்பெயரை எழுதிவிட்டதே என்று நாணினேன்.

அம்மாணவர் என்னை நகையாடவில்லை. தொலைநோக்கியை என் கையில் கொடுத்து, அந்தக் கபில நிற வாத்துக்களைக் காட்டினார். “இவற்றையும் எல்லாரும் சைபீரியா என்கிறார்கள். இவை நம் நாட்டுப் பறவைகள்” என்றார்.

நேயர்களே, இது எனக்கு இரண்டாவது அடி. ஜீலில் மிகுதியாகக் காணப்படும் அப்பறவையை வங்காளிகள் சரால் என்கின்றனர். தமிழில் சீழ்க்கைச் சிறகி என்று பெயர்; பறக்கும்போது சீழ்க்கையடிப்பதுபோல் குரல் எழுப்புவதால் அமைந்த பெயர். இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வரை இது வாழ்கிறது. மழைக்காலத்தில் மரப்பொந்துகளிலும் நீர்நிலைகளை அடுத்த புதர்களிலும் கூடுவைத்துக் குஞ்சு பொரிக்கிறது. பகலெல்லாம் நீரில் ஓய்ந்திருந்து, இருட்டிய பின் வயல்களுக்குப் பறந்து சென்று இரை தேடுகிறது. குளிர்காலத்தில் நீரும் பாதுகாப்பும் உள்ள இடத்தை நாடிக் கூட்டமாக இடம் மாறுகிறதேயன்றி, இமயத்தைக் கடந்து வருவதில்லை. தஞ்சை மாவட்டத்து ஏரிகளிலும் இதனைக் காணலாம்.

மெய்யாகவே தொலைதூரத்திலிருந்து வருவோரும் ஜீலில் உண்டு. ஊசிபோல் நீண்ட வாலுடைய ஊசிவால் வாத்து, கண்ணுக்கு மேல் வெண்பட்டையுடைய நீலச்சிறகி, கருவால் வாத்து முதலியன மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் பிறந்து, அங்கே பனி உறையும் காலத்தில் இங்கு வருபவை. அவை எண்ணிக்கையிற் குறைவு. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு மலைகளைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தும் இத்தகைய யாத்திரைப் பறவையே. ஆயிரம் பேர் கூடிய திருவிழாவில் பத்துப் பேர் வெளிநாட்டார் இருந்தால், எல்லாரையும் வெளிநாட்டார் என்று கூறிவிடுவோமா? நாங்கள் ஜீலில் செய்தது அதுதான்.

வந்தவர் எவ்வூரினராயினும் இடம் சரியாக இருந்தால்தான் தங்குவர். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பு முழுதும் மண்டிவிட்டால் வாத்துக்கள் இறங்க வழியில்லை. முற்றிலும் அகற்றிவிட்டாலோ அமர்ந்து ஓய்வதற்கு இடமில்லை. ஆதலால் குளிர்காலத்துக்கு முன் பெரும்பகுதியை அகற்றி, மிஞ்சியதைத் திட்டுகளாக ஒதுக்கித் தீவுபோல் விடுகின்றனர். சுற்றுப்புறத்துக் கழிவுநீரும் குப்பையும் ஜீலுக்கு நெடுநாளைய பகை. இதைப்பற்றிப் பிறிதொரு திங்கள் விரிவாக எழுதுவேன்.

வீடு திரும்பியதும் நான்கு கேள்விகளுக்கும் விடை காண முனைந்தேன். மறுநாள் விடுப்பு. காலையில் நாற்காலியைப் பின்கட்டில் போட்டுக்கொண்டு, தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தேன். கைப்பேசியில் படம் எடுக்க முயன்றபோது பறவை பறந்துவிட்டது. படத்தில் மதில் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. நான் முணுமுணுப்பதைக் கண்ட அம்மா, “என்ன வேண்டும் உனக்கு? என்னைக் கேளேன்” என்றார்.

கேட்டேன். நான் ஒரு மாதமாக அறியாதவற்றை அவர் ஒரு மூச்சில் கூறினார்.

“உருவம் நம் மைனா அளவுதான்; பெரிதுமில்லை, சிறிதுமில்லை. தலை, கழுத்து, முதுகு, வால் எல்லாம் கறுப்பு. கன்னத்தில் வெள்ளை. இறக்கை மடித்திருக்கையில் தோள் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. வயிறு சாம்பல் பூத்த வெள்ளை. பறக்கும்போது இடுப்புப் பக்கம் வெள்ளையாகத் தெரியும். கண்ணைச் சுற்றி, வெற்றிலை போட்ட வாய்போல் செம்மை. மூக்கில் இரண்டு நிறம். அடியில் அதே செம்மை, நுனியில் சுண்ணாம்பு தடவினமாதிரி வெளுப்பு. தத்துவதில்லை, நாட்டாண்மைக்காரர் வரப்பில் நடப்பதுபோல் நடக்கும். சோற்றைவிடச் சோற்றுக்கு வரும் பூச்சிமேல்தான் அதற்குக் கண். அந்தப் பால்காரர் மாடு கட்டுகிற இடத்தில் நாலைந்து சேர்ந்து மேயும்.”

நான் எழுதி முடித்த தாளைப் பார்த்தேன். எந்தப் பணிப்பதிவேட்டிலும் இத்துணை நிறைவான அடையாளக் குறிப்பை நான் கண்டதில்லை.

கறுப்பும் வெள்ளையுமான பறவை என்றவுடன் நம் ஊரில் இரண்டு பெயர் நினைவுக்கு வரும். ஒன்று குண்டுக்கரிச்சான். இதனை வங்காளிகள் தொயேல் என்பர். வங்காள தேசத்தின் தேசியப் பறவை இதுவே. ஆனால் அது மைனாவைவிடச் சிறியது. வாலை மேல்நோக்கித் தூக்கித் தூக்கி ஆட்டுவது. அலகு மெலிந்து கறுத்தது. முகத்தில் செம்மை கிடையாது. மற்றொன்று வாலாட்டி. அது ஒல்லியானது, நீண்ட வாலை ஓயாமல் கீழும் மேலும் அசைப்பது, பெரும்பாலும் நீரோரத்தில் ஓடித் திரிவது. அம்மா கூறிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் கழிந்துபோயின. மைனா அளவு, மைனா நடை, மாட்டோடு உறவு. எனவே இது மைனா இனமாக இருத்தல் வேண்டும் என்ற அளவுக்கு எங்கள் ஆராய்ச்சி வந்து நின்றது.

அப்பொழுது மதிலுக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்டை வீட்டு அம்மையார் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரை மாசிமா என்று அழைப்போம். இரண்டாண்டுகளாக என் தாயாரும் அவரும் ஒருவரையொருவர் கண்டால் முறுவலித்ததோடு சரி. சற்று நேரத்தில் பறவை மீண்டும் வந்து மதிலில் நடந்தது. நான் அரைகுறை வங்காளியில், “மாசிமா, இது எந்த ஊர்ப் பறவை?” என்று வினவினேன்.

அவர் முதலில் விளங்காமல் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “இதுவா? இது கோ சாலிக். நான் பிறந்த நாள் முதல் இங்கேதான் இருக்கிறது!” என்றார்.

கோ என்பது பசு. மாட்டோடு மேய்வதால் வந்த பெயர். கோபரே சாலிக், அதாவது சாண மைனா, என்றும் சிலர் சொல்வதுண்டாம். சாலிக் என்பது மைனாக்களுக்கு வங்காளத்தில் வழங்கும் பொதுப்பெயர். மாசிமா விரல்விட்டு எண்ணினார். நாம் மைனா என்று அறிந்தது பாத் சாலிக், அதாவது சோற்று மைனா. ஆற்றங்கரையில் வளை தோண்டி வாழ்வது காங் சாலிக். ரயில் நிலைய நடைமேடைகளில் பயணிகளின் காலடியில் பொறுக்கித் தின்னும் சாம்பல் நிற மைனா இதுவே என்று பின்னர் அறிந்தேன். நெற்றியில் சிறு குடுமியுடையது ஜுண்டி சாலிக். மரப்பொந்தில் வாழ்வது காட் சாலிக். பத்தாண்டுகளாக நடைமேடையில் நடக்கும் நான் இவற்றையெல்லாம் ஒரே மைனா என்று எண்ணியிருந்தேன்.

சாலிக் என்னும் சொல் வடமொழிச் சாரிகா என்பதன் மரூஉ என்பர். நம் தமிழ் அகராதியிலும் சாரிகை என்றால் மைனாவே. பழந்தமிழில் இதற்குப் பூவை என்றும் நாகணவாய்ப்புள் என்றும் பெயர்கள் உண்டு. பறவை புதிது என்று எண்ணியிருந்தோம். பெயரில் பாதி நம் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது.

நூல்களைப் பார்த்து இதனை உறுதி செய்துகொண்டேன். 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞரே இதற்கு அறிவியற் பெயர் சூட்டியுள்ளார். கறுப்பு வெள்ளை மைனா என்று தமிழில் கூறலாம். நீளம் 23 சென்டிமீட்டர் அளவு. ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருக்கும். நம் நாட்டு மைனா பொந்துகளில் கூடு வைக்கும். இதுவோ மரக்கிளையிலும் விளக்குக் கம்பத்திலும் வைக்கோலும் குச்சியுமாகப் பெரிய உருண்டைக் கூடு கட்டும். பார்ப்பதற்கு வைக்கோற்போரிலிருந்து காற்று பிடுங்கி எறிந்ததுபோல் அலங்கோலமாக இருக்குமாம். ஒரே மரத்தில் பல இணைகள் கூடு கட்டுவதும் உண்டு. கங்கைச் சமவெளி, வங்காளம், அஸ்ஸாம் ஆகிய இடங்களில் இது மிகச் சாதாரணம். தெற்கே வரவரக் குறைந்து, ஏறத்தாழக் கிருஷ்ணையாற்றுப் பக்கத்தோடு இதன் பழைய எல்லை முடிகிறது. அதனாற்றான் கும்பகோணத்துக்காரர்களாகிய எங்களுக்கு இது புதுமையாகத் தோன்றிற்று. கார்த்திகையில்தான் வந்தது என்று எண்ணியதும் பிழை. ஆண்டு முழுதும் இங்கிருப்பது. நாங்கள்தாம் கார்த்திகையில் கண்டோம்.

ஆக, சைபீரியாவிலிருந்து வந்ததென்று நான் எழுதிய பறவை இந்த மண்ணின் பூர்வகுடி. ஆயிரத்தறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியேறி வந்தவர்கள் நாங்கள். மதிலுக்கு வந்த புதியவர் யார் என்று அந்த மைனா எங்களைப் பார்த்துக் கேட்டிருந்தால், அதுவே நியாயமான கேள்வியாக இருந்திருக்கும்.

மாசிமா அத்தோடு நிறுத்தவில்லை. என் தாயாரைப் பார்த்து, “தீதி, ஒற்றைச் சாலிக்கைக் காண்பது நல்லதன்று. இரண்டாகக் கண்டால் நல்லது” என்றார். வங்காளத்தில் இது பழைய நம்பிக்கை. பள்ளிப் பிள்ளைகள்கூடத் தேர்வு நாளில் ஒற்றைச் சாலிக்கைக் கண்டால் இணைக்காகச் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள் என்று என் மகள் சான்று கூறினாள். அவள் வங்காளியில் கேட்டதை அப்பாயிக்குத் தமிழில் சொன்னாள். அம்மா சற்று யோசித்தார். “அப்படியானால் இன்னொரு பிடி வை என்று சொல். இரண்டும் சேர்ந்து வரட்டும்” என்றார். அவள் அதை வங்காளியில் சொன்னாள். மாசிமா மறுபடியும் சிரித்தார். மறுநாள் மதிலின் அந்தப் பக்கத்திலும் ஒரு பிடி சோறு இருந்தது.

இத்தகைய அறிவு பெற விரும்பும் நேயர்களுக்குச் சில சொற்கள். சாலிம் அலி அவர்கள் 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல், பல பதிப்புக்களாக இன்றும் பயன்பட்டு வருகிறது. அளவு கூறுகையில் குருவி, மைனா, காகம் ஆகியவற்றோடு ஒப்பிடும் முறை அதில் மிகவும் எளிது. கல்கத்தாத் தமிழர் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையா அவர்களின் புதல்வர் மா. கிருஷ்ணன் அவர்கள், இந்நகரத்து ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை, காடும் பறவையும் பற்றிய பத்தியை இடையறாது எழுதிவந்தார். சென்னையில் இருந்துகொண்டு கல்கத்தா வாசகர்களுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்த தமிழர் அவர்.

செலவு ஏதும் வேண்டியதில்லை. ஒரு மண் அகலில் உப்பிடாத சோறோ, நொய்யரிசியோ வையுங்கள். மற்றோர் அகலில் தண்ணீர் வையுங்கள். கோடையில் சோற்றைவிடத் தண்ணீரே முக்கியம். இரண்டையும் நாள்தோறும் கழுவுங்கள். பழைய சோறு புளித்துக் கிடந்தால் பறவைக்கு நோய் வரும். பூனை பதுங்க முடியாத திறந்த இடமாக இருக்கட்டும். அறியாத பறவை வந்தால் பெயரை அவசரப்பட்டுத் தேடாமல், முன்சொன்ன நான்கு கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதுங்கள். நாளும் நேரமும் குறியுங்கள். பிறகு நூலைப் பாருங்கள். நூலுக்கும் முன்னதாக அண்டை வீட்டாரைக் கேளுங்கள்.

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களின் நடுவில் நான்கு நாட்கள் உலகெங்கும் வீட்டுப் புறத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். யாரும் பங்குகொள்ளலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, இ-பேர்டு என்னும் கணினித் தளத்தில் பதிந்தால் போதும். தமிழகத்தில் பொங்கல் விடுமுறையிலும் இவ்வாறே பறவைகளை எண்ணுகின்றனர். இவ்வாண்டு எங்கள் மதிலிலிருந்தும் ஒரு பட்டியல் செல்லும். எண்ணுபவர் என் தாயார்; எழுதுபவன் நான். தெரியாத பறவைக்குத் தெரியாது என்றே எழுதுவேன். சைபீரியா என்று எழுத மாட்டேன்.

பிள்ளைகளை அழைத்துவர விரும்பிய நேயர் தாராளமாக அழைத்து வரலாம். சைபீரியாப் பறவை இராது. கோ சாலிக் இருக்கும். அம்மா வார்க்கும் தோசையும் இருக்கும். ஜீலுக்கு நடந்து சென்று மெய்யான ஊசிவால் வாத்தையும் காட்டுகிறேன்.

ஊர்ப் பயணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முந்தாநாள் இரவு நான்தான் பேச்சை எடுத்தேன். “அம்மா, பொங்கலுக்கு இன்னும் நாட்கள் இல்லையே. எந்த வண்டிக்கு இடம் பதியட்டும்?” என்றேன். அவர் நாளைய சோற்றுக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அந்தப் பறவை மாசி பங்குனியில் கூடு கட்டுமாம். மாசிமா வீட்டு மாமரத்தில் போன வருஷம் இரண்டு கூடு இருந்ததாம். அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன். பாஸுக்கு இன்னும் தவணை இருக்கிறதா?” என்றார்.

இருக்கிறது என்றேன்.